சாட்சியத்தைத் தின்ற முள்ளெலி

ஒரு காட்டில் ராஜா கிடையாது. அது இங்கிலாந்துக் காடு, அங்கே சிங்கம் இல்லை. ராஜா இல்லாத இடத்தில் வழக்கமாக எது இருக்குமோ அது அங்கே நிறைய இருந்தது: கமிட்டி. பிராக்கன்லே என்று அந்தக் காட்டுக்குப் பெயர். பெரிய போர் முடிந்து ஆறு வருடம் ஆகியும் வெண்ணெய்க்குக் கூப்பன், சர்க்கரைக்குக் கூப்பன், சோப்புக்குப் போன வருடம் வரைக்கும் கூப்பன். எங்கே பார்த்தாலும் வரிசை. ஒரு வரிசையைக் கண்டால் அணில்கள் எதற்கென்று கேட்காமலே கடைசியில் போய் நின்றுகொள்ளும். முன்னால் போனபிறகு தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை.

அந்தக் காட்டுக்குப் புதிதாக ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தது. லட்லோ என்ற முள்ளெலி. போர்க்காலத்தில் அது பட்டாளத்துச் சமையல்கூடங்களுக்கு வெந்நீர் போட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தது. எதிரியின் குண்டில் விழுந்தவர்களைவிடப் பழைய கறிக்குழம்பில் விழுந்தவர்கள் அதிகம் என்பதை அங்கே கண்ணால் பார்த்தது. அதனால் போர் முடிந்து திரும்பியதும் சுகாதாரப் பரீட்சைக்குப் படித்து, இரண்டாவது முறையில் தேறியது. யாரையும் மிரட்டாது. குரலை உயர்த்தாது. தோல் பை ஒன்று, வெப்பமானி ஒன்று, மூடி போட்ட கண்ணாடிச் சாடிகள் மூன்று, கடையை மூடச்சொல்லும் மஞ்சள் நோட்டீஸ் ஒரு கட்டு. இவ்வளவுதான் அதன் படைபலம்.

அந்த வருடம்தான் காட்டு மன்றம் ஒரு புதுச் சட்டம் போட்டிருந்தது. சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் எந்த விலங்கும் கை கழுவும் தொட்டி வைக்க வேண்டும். தொட்டியில் வெந்நீருக்கு ஒரு குழாய், பச்சைத் தண்ணீருக்கு ஒரு குழாய். சோப்பு வேண்டும். துவைத்த துண்டு வேண்டும். முன்னங்காலைக் கை என்று சொல்லலாமா என்பதை முடிவு செய்ய மட்டும் மூன்று கூட்டம் நடந்தது. சட்டத்தை எழுதியது சுகாதாரக் கமிட்டித் தலைவரான கார்ஸ்டேர்ஸ் என்ற நரி. அது காட்டின் நடுவில் ஒரு பெரிய தேநீர் மாளிகை நடத்திவந்தது. 'கை கழுவினீர்களா?' என்று சுவரொட்டி அச்சடித்து மரத்துக்கு மரம் ஒட்டியதும் அதே நரிதான். இதில் நடிப்பு எதுவும் இல்லை. சுத்தத்தை நரி உண்மையாகவே விரும்பியது. அது மற்றவர்கள் செய்யவேண்டிய காரியம் என்று நினைத்தது, அவ்வளவுதான்.

முள்ளெலி முதலில் சோதனைக்குப் போனது ஒரு காளான் அப்பக் கடைக்கு. ஓக் மரத்தின் வேருக்கு அடியில், மண்ணுக்குள் வளை தோண்டி, பில்பீம் என்ற அகழெலி அந்தக் கடையை நடத்திவந்தது. போரில் வீட்டுக்காரரை இழந்த அம்மாள் அது. அகழெலிகளுக்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால் பில்பீம் அம்மாள் சுத்தத்தைப் பார்த்து நம்புவதில்லை, தொட்டுத்தான் நம்பும். மேசையை மூன்று தடவை துடைத்து, நகத்தால் தடவி, மறுபடி ஒரு தடவை துடைக்கும். அடுப்பில் ஒரு அண்டா எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். அதிலிருந்து மொண்டு ஒரு நாளைக்கு இருபது தடவை கை கழுவும்.

முள்ளெலி தட்டைத் தூக்கிப் பார்த்தது. பலகைக்கு அடியில் பார்த்தது. மாவுப் பீப்பாய்க்குள் தலையை விட்டது. ஒரு ரோமம் கிடைக்கவில்லை. பட்டாளத்தில்கூட இப்படி ஒரு சமையலறையைப் பார்த்ததில்லை என்று அதுவே சொன்னது. பிறகு படிவத்தை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, குழாய் எங்கே இருக்கிறது என்று கேட்டது.

குழாய் இல்லை. குழாய்க்கு நான்கு பிரதியில் விண்ணப்பம் போட வேண்டும். போட்டாகிவிட்டது. இரும்பெல்லாம் போருக்குப் போய்விட்டதால் பதினெட்டு மாதம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"தண்ணீர் கொதிக்கிறதே ஐயா, கேட்கவில்லையா?" என்றது அகழெலி.

"கேட்கிறது அம்மா. நன்றாகத்தான் கொதிக்கிறது. ஆனால் குழாயில் வரவில்லை."

அகழெலி மேசையை இன்னொரு தடவை துடைத்தது. பிறகு நோட்டீஸ் என்ன நிறம் என்று கேட்டது. மஞ்சள் என்றது முள்ளெலி. "எனக்கு எல்லாம் ஒன்றுதான். வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி ஒட்டிவிடுங்கள். வீணாக இறங்கி வந்து ஏமாந்து போகவேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தது. முள்ளெலி நோட்டீஸை ஒட்டியது. நேராக ஒட்டுவதற்குள் மூன்று தடவை பிய்த்து ஒட்ட வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் தேநீர் மாளிகை. வாசலுக்கு உள்ளேயே பளிங்குத் தொட்டி. இரண்டு குழாய், இரண்டும் பளபள. சோப்பு இருந்தது. அதில் அச்சான எழுத்து ஒன்றுகூடத் தேயவில்லை. துண்டு இருந்தது. இஸ்திரி போட்ட மடிப்பு அப்படியே இருந்தது. முள்ளெலிக்கு ஏதோ சந்தேகம் தட்டியது. சமையலறையைப் பார்க்கவேண்டும் என்றது. தாராளமாகப் பாருங்கள் என்றது நரி. ஆனால் முதலில் ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று உட்காரவைத்து, பட்டாளத்துக் கதைகளைக் கேட்டது. இதுவரை யாருமே முள்ளெலியிடம் பட்டாளத்துக் கதை கேட்டதில்லை. பேசி முடிப்பதற்குள் சோதனைக்கு அனுமதிக்கப்பட்ட நேரம் முடிந்துவிட்டது. முள்ளெலி அறிக்கையில் 'கை கழுவும் வசதிகள் விதிப்படி உள்ளன' என்று எழுதியது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. நரி சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு மாட்டியது.

வசந்த விழா வந்தது. மேபல் என்ற வயதான முயல் நாற்பது முயல்களைச் சேர்த்து ஒரு பாட்டுக்குழு நடத்திவந்தது. விழாவில் அவர்கள் பாடுவது வழக்கம். அன்று அவர்களைக் கௌரவிக்க நரி தன் கையாலேயே க்ரீம் பன் செய்து கொண்டுவந்து பரிமாறியது. க்ரீம் என்ற பொருளைக் காடு கடைசியாகப் பார்த்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. தனக்குத் தெரிந்த ஒரு பசு கொடுத்தது என்று நரி சொன்னது. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. சில முயல்களுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மத்தியானம் பாட்டு ஆரம்பித்தது. முதல் பாட்டு நன்றாகவே போனது. இரண்டாவது பாட்டின் நடுவில் உச்சக்குரல் முயல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதருக்குள் ஓடின. மூன்றாவது பாட்டில் நடுக்குரல் முயல்கள் போயின. கடைசியில் மேபல் மட்டும் தனியாக நின்று பாட்டை முடித்தது. முடித்துத் தலை வணங்கியது. வணங்கிய இடத்திலேயே விழுந்தது.

நாற்பது முயல்களும் இரண்டு மூன்று நாளில் எழுந்துவிட்டன. மேபல் எழவில்லை. ஒன்பது நாள் வளைக்குள் சுருண்டு கிடந்தது. காது இரண்டும் குளிர்ந்துபோய், ஒரு சொட்டுத் தண்ணீர் தங்காமல், பிழைப்பது கஷ்டம் என்று மருத்துவரான ஆந்தை சொல்லிவிட்டது. முள்ளெலி நாற்பத்தொரு வளைக்கும் போய், விழுந்தவர்களிடமும் வீட்டில் இருந்த மற்றவர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டது. அன்று என்ன சாப்பிட்டீர்கள்? காலையில், பிறகு, அதற்குப் பிறகு? கேரட் சூப் குடித்தவர்களில் சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. ரொட்டி தின்றவர்களும் அப்படியே. பன் தின்ற ஒருவர்கூடத் தப்பவில்லை.

கடைசி வளை மேபலுடையது. எத்தனை பன் சாப்பிட்டீர்கள் என்று முள்ளெலி காதருகே குனிந்து கேட்டது.

"மூன்று" என்றது மேபல். மூச்சு வாங்கிக்கொண்டு, "குழுவில் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்" என்றது.

முள்ளெலி வெளியே வந்து ஒரு வேரின்மேல் உட்கார்ந்தது. திரும்பிப் போகிற வழியில்தான் காளான் அப்பக் கடை. மழையில் நனைந்து நிறம் போன தன் நோட்டீஸைத் தாண்டித்தான் போகவேண்டும். அன்று அது சுற்றுவழியாகப் போனது.

போன இடம் தேநீர் மாளிகையின் பின்பக்கம். இந்த முறை தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில், இதமான சூட்டில், க்ரீம் வாளி இரண்டு நாள் இருந்திருக்கிறது என்று தெரிந்தது. வாளிக்குள் ஒரு மரக்கரண்டி. நரி அதில் எடுத்து நக்கிப் பார்க்கும், மறுபடி அதையே வாளிக்குள் போடும். ருசி பார்க்காமல் எப்படிப் பரிமாறுவது என்று நரி வியப்போடு கேட்டது. அலமாரியில் ஒரே ஒரு பன் மிச்சம் இருந்தது.

சட்டப்படி எடுக்கும் மாதிரியை மூன்று பங்காக்க வேண்டும். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று பரிசோதகருக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு. முள்ளெலி பன்னை அளந்து வெட்டி, மூன்று சாடியில் போட்டு, மூடி, மெழுகு வைத்தது. தன் பங்கை வாங்கிக்கொண்ட நரி மெழுகை உடைத்து அங்கேயே தின்றுவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றது.

வழக்குத் தொடர சுகாதாரக் கமிட்டியின் அனுமதி வேண்டும். கமிட்டித் தலைவர் நரி. இங்கேயே கதை முடிந்துவிட்டது என்று காட்டில் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் நரி விண்ணப்பத்தை வாங்கி, உரக்க வாசித்து, சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று ஒரு சிறு உரையாற்றி, தன்மீதே வழக்குப் போட அனுமதித்துக் கையெழுத்திட்டது. கமிட்டி எழுந்து நின்று கைதட்டியது. அன்று காட்டில் நரிக்கு இருந்த மதிப்பு அதற்கு முன் எப்போதும் இருந்ததில்லை.

பரிசோதகர் நாரை பக்கத்து நகரத்தில் இருந்தது. சாடி அங்கே போய்ச்சேர நான்கு வாரம் பிடித்தது, ஏனென்றால் பொட்டலத்தின்மேல் 'உணவு' என்று எழுதியிருந்ததைப் பார்த்து அதை உணவுப் பங்கீட்டு அலுவலகத்துக்கு அனுப்பி, அங்கே கூப்பன் கேட்டிருக்கிறார்கள். நாரையின் அறிக்கை இரண்டே வரி. அனுப்பிய பொருளில் பன் என்று சொல்லத்தக்க எதுவும் மிஞ்சவில்லை. அதன்மேல் வளர்ந்த பூஞ்சணம் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது.

நீதிமன்றம் கூடியது. நீதிபதி தோர்ன்பரி என்ற கலைமான். கொம்பின் பாரத்தால் அதற்குத் தலை எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், எதிராளி சொல்வதை ஒப்புக்கொள்வதுபோலத் தெரியும். நரி வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. தானே பேசியது. அந்தப் பன்னில் மூன்றில் ஒரு பங்கை இன்ஸ்பெக்டர் கண் முன்னால் தான் தின்றதாகவும், தின்ற ஆள் இதோ நிற்பதாகவும் சொன்னது. முயல்களுக்காகத் தான் மிகவும் வருந்துவதாகச் சொல்லி, அவர்கள் சாப்பிடுவதற்குமுன் கை கழுவினார்களா என்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்பியது. மரத்துக்கு மரம் ஒட்டியிருந்ததே. நீதிபதி முயல்களைப் பார்த்துக் கேட்டது. முயல்கள் தரையைப் பார்த்தன. ஒன்றுகூடக் கழுவியிருக்கவில்லை.

நீதிபதி பேனாவை எடுத்தது. எடுத்துவிட்டு, ஏதோ நினைவு வந்ததுபோல முள்ளெலியைப் பார்த்தது.

"இன்ஸ்பெக்டரே, நரி தன் பங்கைத் தின்று காட்டிவிட்டது. நீதிமன்றத்துப் பங்கு உங்கள் பையில் அப்படியேதானே இருக்கிறது? நீங்களும் தின்று காட்டுங்கள்."

முள்ளெலி மூன்றாவது சாடியை வெளியே எடுத்து வைத்தது. ஏழு வாரத்துப் பன் அது. பச்சையும் சாம்பலுமாக ஏதோ மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

முள்ளெலிகளின் வயிற்றைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வண்டு, நத்தை, செத்த தவளை, எது போனாலும் அந்த வயிறு ஏற்றுக்கொள்ளும். விரியன் பாம்பையே தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளும் ஜாதி. பன் தன்னை ஒன்றும் செய்யாது என்று லட்லோவுக்கு நிச்சயமாகத் தெரியும். தின்ன மறுத்தால் வழக்கு போய்விடும். தின்றுவிட்டு நன்றாக நின்றாலும் வழக்கு போய்விடும். அது கூட்டத்தைப் பார்த்தது. மேபல் முன்வரிசையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தது. பிழைத்துவிட்டது, ஆனால் பாதியாக இளைத்திருந்தது. அதற்குப் பின்னால் பில்பீம் அம்மாள். கண்ணுக்கு எதுவும் தெரியாததால் தலையைச் சாய்த்து, என்ன நடக்கிறது என்று காதாலேயே தேடிக்கொண்டிருந்தது.

முள்ளெலி மெழுகை உடைத்தது. பன்னை எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கியது.

புளித்திருந்தது. ஆனாலும் க்ரீம் க்ரீம்தான். பன்னிரண்டு வருடம் கழித்து நாக்கில் பட்டதும் முள்ளெலி தன்னை மறந்து விரலைக்கூட நக்கிவிட்டது. உடனே சுதாரித்துக்கொண்டது. மனதுக்குள் அறுபது எண்ணியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டு தரையில் உருண்டு முனகியது. வாழ்க்கையில் அது சொன்ன முதல் பொய் அதுதான். நாற்பத்தொரு வளையில் கேட்ட முனகலை அப்படியே முனகியதால் ஒரு இம்மி பிசகவில்லை. எங்களுக்கும் இப்படித்தான் இருந்தது, இதே சத்தம்தான் என்று முயல்கள் எழுந்து நின்று சாட்சி சொன்னன. நரி முகம் வெளுத்துத் தன் வயிற்றைத் தானே தடவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது.

தேநீர் மாளிகையை மூடச்சொல்லித் தீர்ப்பானது. நரியின் தலைவர் பதவியும் போனது.

இனி முள்ளெலி எழுந்திருக்கலாம். ஆனால் எப்படி எழுந்திருப்பது? எழுந்தால் தீர்ப்பு விழும். அதனால் சுருண்டபடியே கிடந்தது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். கடமைக்காக விஷம் தின்ற வீரர் என்று மன்றம் தீர்மானம் போட்டு, உடம்பு தேறும்வரை கடலோர விடுதியில் ஓய்வெடுக்க அனுப்பிவைத்தது. முள்ளெலி கண்ணை மூடிக்கொண்டே ரயிலேறியது.

காட்டுக்குத் தற்காலிகமாக ஒரு இன்ஸ்பெக்டர் வேண்டுமே. சுகாதாரச் சட்டம் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும், சாப்பாட்டுத் தொழிலில் அனுபவம் வேண்டும், உடனே வேலையில் சேர வசதி வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ஒரே ஒரு விண்ணப்பம் வந்தது. தண்டனை பெற்றவரை எப்படி நியமிப்பது என்று யாரோ கேட்டார்கள். சட்டத்தை இவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தவர் வேறு யாரும் இல்லை என்றது கலைமான்.

இன்ஸ்பெக்டர் சொந்தமாகச் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கக் கூடாது. எனவே பூட்டிக்கிடந்த தேநீர் மாளிகையை யாருக்காவது ஒதுக்க வேண்டியதாயிற்று. குழாய்க்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தவர்கள் பட்டியலை எடுத்தார்கள். முதல் பெயர் பில்பீம். அம்மாள் உள்ளே போனதும் முதல் காரியமாகக் குழாய்கள் இரண்டையும் கழற்றி அண்டாவில் போட்டு வேகவைத்தது. மறுநாள் காளான் அப்பத்துக்கு வரிசை ஆற்றங்கரை வரை நின்றது. இந்த முறை அணில்கள் எதற்கென்று தெரிந்தே நின்றன.

நரியைப் போன்ற ஒரு இன்ஸ்பெக்டரைக் காடு அதற்கு முன் பார்த்ததில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் நேராகச் சமையலறைத் தரையின் மூன்றாவது பலகைக்குப் போய் அதைத் தூக்கும். அழுக்கு அங்கேதான் இருக்கும், ஏனென்றால் நரியும் அங்கேதான் வைத்திருந்தது. சோப்பில் எழுத்து தேயாமல் இருந்தால் ஒரு புன்னகை செய்துவிட்டுப் படிவத்தை எடுக்கும். யாராவது தேநீர் கொடுத்து உட்காரவைத்தால், கோப்பையைக் கையிலேயே எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடும். நாலு கடை மூடப்பட்டு, சுத்தமாகி, மறுபடி திறந்தன. அந்த வருடம் முழுக்கக் காட்டில் ஒருவருக்கும் வயிறு வலிக்கவில்லை.

கடலோரத்தில் முள்ளெலிக்கு மட்டும் நிம்மதி இல்லை. விடுதியில் அதை எல்லோரும் வீரர் என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் முள் சிலிர்த்தது. கடைசியில் நீதிபதிக்கு மூன்று பக்கம் கடிதம் எழுதியது. எனக்கு நோய் எதுவும் வரவில்லை, நீதிமன்றத்தில் நடித்தேன், அதற்கு எந்தத் தண்டனையும் ஏற்கத் தயார் என்று எழுதியது. எதையும் மறைக்கக்கூடாது என்பதற்காக, அந்தப் பன் தனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சேர்த்தது.

பதிலாக நரியே வந்தது. முள்ளெலி கடலைப் பார்த்தபடி சாய்வுநாற்காலியில் உட்கார்ந்திருந்தது. நரி பக்கத்தில் உட்கார்ந்து, கடிதத்தை மன்றத்தில் வாசித்த கதையைச் சொன்னது. ஏழு வாரத்துப் பன் பிடித்திருந்தது என்ற வரி வந்ததும் எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்களாம். விஷம் மூளைக்கு ஏறிவிட்டது என்று ஆந்தை சான்று கொடுத்ததாம். ஓய்வை இன்னும் ஆறு மாதம் நீட்டியிருக்கிறார்களாம்.

"நான் எழுதியது உண்மை" என்றது முள்ளெலி.

"தெரியும். வாசிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும்தான் தெரியும்."

"பிறகு ஏன் நீங்கள் எழுந்து சொல்லவில்லை?"

நரி சாய்வுநாற்காலியின் அடியில் விரலால் தடவித் தூசி பார்த்தது. "சொன்னால் தீர்ப்பு ரத்தாகும். நான் மறுபடி தேநீர் மாளிகைக்குப் போய்ப் பன் செய்யவேண்டும். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, மிஸ்டர் லட்லோ."

முள்ளெலி மேபலைப் பற்றி விசாரித்தது. பாடுகிறது, முன்பைவிட ஒரு சுருதி கீழே, ஆனால் பாடுகிறது என்றது நரி. பிறகு மூக்கை இரண்டு தடவை உறிஞ்சிவிட்டு, இந்த விடுதியின் சமையலறை எந்தப் பக்கம் என்று கேட்டது. முள்ளெலி கையைக் காட்டியது. நரி எழுந்து, மேல்கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, அந்தப் பக்கம் போனது. முள்ளெலி கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எட்டிப் பார்க்க வந்த பணிப்பெண் வாத்திடம், இன்றைக்கு உடம்பு இன்னும் கொஞ்சம் மோசமாகத்தான் இருக்கிறது என்று சொன்னது.

நீதி: ஊர் சுத்தமாக இருக்க ஒரே ஒரு நேர்மையான ஆள் போதும். அவர் ஒரு பொய் சொல்லிவிட்டு நீண்ட விடுப்பில் போய்விட வேண்டும்.